பதினைந்து படங்களும் ஒரே ஒரு எண்ணும்

வலைப்பக்கத்தில் ஒரு 3டி படவரிசை செய்வதிலேயே மூன்றாவது ஞாயிறும் போனது. ஆனால் இன்று ஓடுகிறது. நடுவில் ஒரு படம் நேராகப் பார்க்கும், இரு பக்கமும் மற்றவை சாய்ந்து வரிசைகட்டி நிற்கும். 2006-இல் ஆப்பிளின் ஐட்யூன்ஸில் வந்த, ஆல்பம் அட்டைகளைப் புரட்டிப் பார்க்கும் கவர் ஃப்ளோ ஞாபகம் இருப்பவர்களுக்கு உடனே புரியும். அப்போது வலைப்பக்கத்தில் இதைச் செய்ய, அசையும் படங்களுக்கான ஃப்ளாஷ் மென்பொருளைத்தான் தேடிப் போவார்கள். இப்போது பிரவுசரிலேயே ஓடும் ஜாவாஸ்கிரிப்டும், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸும் போதும்.

முதல் வாரம் படத்துக்குப் படம் தனி டிரான்சிஷன் (மெதுவாக இடம் மாற்றும் சிஎஸ்எஸ் வசதி) வைத்தேன். அம்பு விசையை ஒரு முறை தட்டினால் அழகாக நகர்ந்தது. படபடவென்று நாலு முறை தட்டினால் ஆளுக்கொரு திசையில் ஓடின. அழித்துவிட்டு ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டேன்: இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம். அது 3 என்றால் மூன்றாம் படம் நடுவில், 3.4 என்றால் நாலாவதை நோக்கிக் கிட்டத்தட்டப் பாதி வழியில். ஒவ்வொரு படமும் தன் வரிசை எண்ணிலிருந்து அதைக் கழித்து, எங்கே, எவ்வளவு சாய்ந்து நிற்பது என்று கணக்குப் போடும். வித்தியாசம் 1-ஐத் தாண்டினால் சாய்வு 60 டிகிரியோடு நின்றுவிடும். அதன் பிறகு பக்கவாட்டில் 70 பிக்சல் வீதம் தள்ளிப் போவது மட்டும்தான்.

படத்தைத் திருப்பவும் நகர்த்தவும் உதவும் சிஎஸ்எஸ் டிரான்ஸ்ஃபார்மில் எதை முதலில் எழுதுகிறோம் என்பதில் ஒரு மணி நேரம் போனது. திருப்பிவிட்டு நகர்த்தினால், திரும்பிய அச்சிலேயே படம் நகரும். இரண்டு பக்கப் படங்களும் முகத்துக்கு நேரே பாய்ந்து வந்தன! நகர்த்திவிட்டுத் திருப்பியதும் ஒழுங்காக நின்றன. பெர்ஸ்பெக்டிவ், அதாவது பார்ப்பவர் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள கற்பனைத் தூரம், 800 பிக்சல். பக்கத்துப் படங்களை 200 பிக்சல் பின்னால் தள்ளினால் 800-ஐ 1000-ஆல் வகுத்த அளவு, அதாவது 0.8 மடங்காகத் தெரியும். இந்தப் பெர்ஸ்பெக்டிவை எல்லாப் படங்களையும் வைத்திருக்கும் பெற்றோர் டிவ்வில்தான் (டிவ் என்பது பக்கத்தில் ஒரு பெட்டி) கொடுக்க வேண்டும். படத்துக்குப் படம் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மறைபுள்ளி (தூரத்தில் கோடுகள் சேரும் இடம்). ஒரே அறையில் இருக்கிற உணர்வே வராது.

அடுத்த தலைவலி: வலப்பக்கம் தூரத்துப் படம் கிட்டத்துப் படத்தை மறைத்தது. உள்ளே இருப்பவற்றின் முன்பின் ஆழத்தைக் காக்கும் ப்ரிசர்வ்-3டி போட்டுத்தான் இருந்தேன். ஆனால் ஓரத்தை வெட்ட அதே டிவ்வில் ஓவர்ஃப்ளோ ஹிடனும் போட்டிருந்தேன். அது வந்தாலே உள்ளே எல்லாம் தட்டையாகிவிடும், எச்சரிக்கை ஒன்றும் வராது. வெட்டும் வேலைக்கு வெளியே இன்னொரு டிவ் வைத்ததும் சரியானது.

அந்த எண்ணை, திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மீதித் தூரத்தில் பத்து சதவீதம் நகர்த்தியிருந்தேன். நொடிக்கு 60 ஃபிரேம் காட்டும் 60 ஹெர்ட்ஸ் திரையில் இதமாக இருந்தது, 120 ஹெர்ட்ஸ் ஃபோனில் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. இப்போது பத்து சதவீதத்துக்குப் பதில், முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தை (நொடியில்) 6.3-ஆல் பெருக்கி, எக்ஸ்பொனென்ஷியல் தேய்மானமாகப் போடுகிறேன். இரண்டிலும் ஒரே வேகம்.

விரலால் இழுக்கிற வசதியைக் கடைசியில் சேர்த்தேன். அந்த எண்ணிலிருந்து, விரல் நகர்ந்த பிக்சலை 120-ஆல் வகுத்துக் கழித்தால் போதும். பத்து நிமிட வேலை.