தங்கப் பளிங்கின் உள்ளே

சில நூறு நனோமீற்றர் அளவேயான ஒரு தங்கப் பளிங்கை, அதாவது அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கும் தங்கத் துணுக்கை, வெட்டாமலும் உடைக்காமலும் அதன் உள்ளே பார்க்கலாம். உயர்தர மாணவருக்குக் கோணல் (அலைகள் தடைகளில் பட்டு விலகிப் பரவுவது) பாடம் நடத்தும்போது நான் மிகவும் விரும்பிச் சொல்வது இதைத்தான்.

சிங்குரொத்திரன் என்ற துகள்முடுக்கியிலிருந்து வரும் ஒத்திசைவான (அலைகள் ஒரே சீராக அமைந்த) எக்ஸ் கதிரைப் பளிங்கின் மீது விழுத்தி, அணுத்தளங்கள் கதிரை வலுவாகத் தெறிக்கும் பிராக் கோணத்தை ஒட்டி ஒரு பாகையின் நூறிலொரு பங்கு அளவில் பளிங்கைத் திருப்பித் திருப்பிக் கோணற் கோலங்களைப் பதிவு செய்கிறார்கள். குறையில்லாத பளிங்கின் கோலம் சமச்சீராக இருக்கும். உள்ளே அணுக்கள் இடம் பிசகியிருந்தால் அந்தச் சமச்சீர் குலையும்.

சிக்கல் என்னவென்றால், உணரி கதிரின் செறிவை மட்டுமே அளக்கும், அவத்தை, அதாவது அலை தன் சுற்றில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது, தொலைந்துபோகும். பளிங்குக்கு வெளியே எதுவுமில்லை என்ற ஒரு நிபந்தனையையும் அளந்த செறிவையும் வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் பொருந்தும்வரை கணினி முன்னும் பின்னுமாகக் கணித்து அவத்தையை மீட்கிறது. மீண்ட அவத்தையில்தான் அணுக்களின் விலகல் இருக்கிறது. அடுத்தடுத்த அணுத்தளங்களுக்கு இடையேயான தூரம், அதாவது தங்கத்தில் ஏறத்தாழ 235 பிக்கோமீற்றர், அளவுக்கு அணுக்கள் விலகினால் அவத்தை ஒரு முழுச்சுற்று மாறும். அதில் சிறு பின்னத்தைக்கூடக் காண முடிகிறது! இயன் ரொபின்சன் குழுவினர் 2001இல் தங்கப் பளிங்குகளின் வடிவத்தை மீட்டார்கள். 2006இல் ஓர் ஈயப் பளிங்கின் உட்திரிபையே முப்பரிமாணத்தில் காட்டினார்கள்.

கன்னாதிட்டியில் நகைப் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பா கம்பி இழுக்கும்போது, அச்சின் துளைக்குத் துளை கம்பி மெலிந்து இறுகும். அறுந்துவிடும் என்று விரலுக்குத் தெரிந்ததும் சுருட்டி நெருப்பில் காய்ச்சுவார், மறுபடி இளகும். பாதியில் முடிந்துபோன அணுத்தளங்களின் விளிம்புகள் பெருகி, ஒன்றையொன்று நகரவிடாமல் தடுப்பதே அந்த இறுக்கம். சூடு அவற்றில் பலவற்றை அழிக்கிறது. அத்தகைய விளிம்பைச் சுற்றி வந்தால் அவத்தை ஒரு முழுச்சுற்றுத் திரியும். அதன் மையத்தில் வீச்சம் (அலையின் உயரம்) குறைந்து, படத்தில் மெல்லிய குழாய் போன்ற வெற்றிடம் தெரியும்.

2017இல் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுகூடத்தில் தங்கப் படலமொன்றைச் சூடாக்கி, அதிலுள்ள தனித்தனி மணிகளுக்குள் (சிறு பளிங்குகளுக்குள்) இந்தக் குறைகள் மாறுவதைப் படம்பிடித்தார்கள். சித்தப்பாவுக்கு அதை விளக்கியதும், “செம்பு எவ்வளவு கலந்தது?” என்று கேட்டார். சரியான கேள்வி. செம்பு அணுக்களும் அந்த விளிம்புகளைத் தடுத்து நிறுத்தும். அதனால்தான் நகைத் தங்கம் தூய தங்கத்தைவிடக் கடினமானது. அடுத்த தவணையில் இதையும் பாடத்தில் சேர்க்கப்போகிறேன்.