ஒரு டிகிரியில் போன 21 நாள்

துடிப்புக் காந்தப்புலம் எலும்பாக்கச் செல்களைத் தூண்டுமா என்று சோதித்தோம். முதல் சுற்றில் காந்தப்புலம் பட்ட தட்டுகளில், எலும்பாக்கத்துக்கு அடையாளமான ஆல்கலைன் பாஸ்படேஸ் நொதி நன்றாகவே கூடியிருந்தது. பிறகு தட்டுக்குள் மெல்லிய தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் கம்பியை) விட்டுப் பார்த்தால், புலம் தரும் கம்பிச் சுருளுக்குள் இருந்த வளர்ப்பு ஊடகம் 38 டிகிரி, வெளியே ஒப்பிடுவதற்காக வைத்த கட்டுப்பாட்டுத் தட்டு 37. இன்குபேட்டர் திரை மட்டும் கடைசிவரை 37 என்றே காட்டியது. அதன் உணரி இருப்பது சுவரோரம். எலும்பாக்கச் செல்களைத் தூண்டியது புலமா, சூடா? பிரித்துச் சொல்ல வழியே இல்லை. 21 நாள் வீண்.

சுருள் கட்டுவது சிரமமில்லை. 10 செ.மீ. ஆரமுள்ள இரண்டு சுருள், ஒவ்வொன்றிலும் 100 சுற்று, இடைவெளியும் 10 செ.மீ.; 1 ஆம்பியருக்கு நடுவில் ஏறத்தாழ 0.9 மில்லிடெஸ்லா கிடைக்கும். ஆனால் புலத்தை இரட்டிப்பாக்கினால் வெப்பம் நான்கு மடங்கு. இதைத்தான் கணக்கில் விட்டோம்.

மின்சாரம் இல்லாத சுருளைக் கட்டுப்பாடு என்று வைக்காதீர்கள். ஒவ்வொரு சுருளிலும் 50 சுற்றுள்ள இரண்டு கம்பிகளைச் சேர்த்தே சுற்றுங்கள். ஒரு கம்பியில் மின்னோட்டத்தைத் திருப்பிவிட ஒரு சுவிட்ச். ஒரே திசையில் ஓடினால் புலம். எதிரெதிராக ஓடினால் புலம் அழிந்துபோகும், சூடு மட்டும் அப்படியே இருக்கும். சுவிட்ச் எந்தப் பக்கம் என்பது செல்களை அளப்பவருக்குத் தெரியக் கூடாது.

இன்னொரு ஆதங்கம். பல ஆய்வுக் கட்டுரைகளில் "75 ஹெர்ட்ஸ், 1 மில்லிடெஸ்லா" என்பதோடு சரி. துடிப்பு எத்தனை மைக்ரோவினாடியில் ஏறுகிறது என்று எழுதாவிட்டால் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்யவே முடியாது. செல்லில் தூண்டப்படும் மின்புலம், காந்தப்புலம் மாறும் வேகத்தைப் பொறுத்தது. காந்தப்புலம் தட்டுக்குச் செங்குத்தாக இருந்தால் அந்த மின்புலம் தட்டின் நடுவில் சுழி, விளிம்பில் உச்சம். ஆகவே நடுவிலிருந்து மட்டும் படம் எடுக்காதீர்கள். இன்குபேட்டரின் விசிறி மோட்டாரும் புலம் தரும். தட்டு வைக்கும் ஒவ்வொரு இடத்தையும் முதலிலேயே அளந்துவிடுங்கள்.

செல் விஷயத்தில் ஒன்றே ஒன்று: எம்சி3டி3-ஈ1 என்ற எலி எலும்பாக்கச் செல்வகையை வாங்கும்போது துணைக்குளோன் (அதன் கிளைவகை) எண்ணைக் கேளுங்கள். 4 நன்றாகக் கனிமம் படியவைக்கும், 24 படியவைக்காது. எங்களுக்கு வந்த குப்பியில் எண்ணே இல்லை. கேட்டு அனுப்பிய கடிதத்துக்குப் பதிலும் இல்லை.

கனிமம் படிய ஊடகத்தில் சேர்ப்பவை: அஸ்கார்பிக் அமிலம் மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம், பீட்டா-கிளிசரோபாஸ்பேட் 10 மில்லிமோலார். இரண்டாவதைக் கூட்டினால் செத்த செல்லின் மேலும் உப்பு படியும், கால்சியம் படிவைக் காட்டும் அலிசரின் சாயத்தில் அதுவும் சிவக்கும். சாயத்தின் பி.ஹெச். 4.2-ஐ ஒட்டி நிற்கட்டும்.

இரண்டாம் சுற்றில் இரு தட்டுகளின் வெப்பமும் 0.1 டிகிரிக்குள் நின்றது. பாஸ்படேஸ் வித்தியாசம் முன்பு கண்டதில் பாதிகூட இல்லை. ஆனால் இந்தமுறை அதைச் சூட்டின் மேல் போட முடியாது.