கடலைப் பார்த்து நின்ற வீட்டு வரிசை

இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் கடற்கரையில், குக்மியர் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு மேற்கே ஒரு மேட்டில் சில பழைய வீடுகள் நிற்கின்றன. எதிர்க்கரையில் ‘ஏழு சகோதரிகள்’ எனப்படும் வெண்சுண்ணப் பாறைகள் வரிசையாக எழுவதால், படம் எடுக்க வருபவர்கள் இந்த வீடுகளைப் பாறைகளுக்கு முன்னால் கிடைத்த அழகான பொருளாக மட்டுமே பார்க்கிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவை கடலோரக் காவலர்களுக்காக எழுந்த அரசுக் குடியிருப்பு என்பதை அறிந்து மறுமுறை சென்றபோதுதான் சன்னல்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கவனித்தேன்.

தேயிலை, பிராந்தி, புகையிலை ஆகியவற்றின் மீது அரசு கடுமையான சுங்க வரி விதித்திருந்த காலத்தில், கடற்கரைக் கிராமங்கள் பலவற்றுக்குக் கள்ளக்கடத்தல் ஒரு பக்கத் தொழிலாக இருந்தது. அதைத் தடுக்க ஏற்கெனவே இயங்கிவந்த குதிரைக் காவலர்கள், சுங்கக் கப்பல்கள், 1809இல் தொடங்கிய படகுக் காவல் ஆகிய மூன்றையும் 1822இல் ஒன்றாக இணைத்துக் கடலோரக் காவல் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். உள்ளூர்க்காரரைக் காவலுக்கு வைத்தால் மாமன் மச்சானைப் பிடித்துக்கொடுக்க மாட்டார் என்பதால், காவலர்களை அவர்களுடைய சொந்த ஊரிலிருந்து தொலைவான இடங்களில் பணியமர்த்தினார்கள். தம் வருமானத்தைக் கெடுக்க வந்தவருக்குக் கிராமத்தார் எளிதில் வீடு வாடகைக்குக் கொடுப்பார்களா? ஆகவே அரசே வீடு கட்டித் தர வேண்டியதாயிற்று. வீடு இல்லாத இடங்களில் நெப்போலியன் காலத்தில் கடற்கரைத் தற்காப்புக்காகக் கட்டிய மார்ட்டெல்லோ என்னும் வட்டக் கோபுரங்களிலும், ஓட்டம் முடிந்த பழைய கப்பல்களிலும் காவலர்கள் குடியேறினார்கள். டார்வின் உலகைச் சுற்றிவந்த பீகிள் கப்பலே 1845 முதல் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தின் ஓர் ஆற்று முகத்துவாரத்தில் இப்படிப்பட்ட காவல் கப்பலாக நின்றது என்பதைப் படித்தபோது எனக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது.

இக்குடியிருப்புகளின் அமைப்பைப் புரிந்துகொள்ள, நம் ரயில்வே குவார்ட்டர்ஸை நினைத்துக்கொண்டால் போதும். ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒரே அளவான சிறு வீடுகள் ஒரு வரிசையில் இருக்கும். அதிகாரியின் வீடு மட்டும் சற்றுப் பெரியதாக, பெரும்பாலும் வரிசையின் ஓரத்தில் இருக்கும். அருகிலேயே கடலைக் கண்காணிக்கும் காவலறை, கொடிக்கம்பம், கீழே கரையில் படகுக் கொட்டகை, வீடுகளுக்குப் பின்னால் துணி துவைக்கும் அறை, கழிப்பிடம், காய்கறித் தோட்டம் ஆகியவை அமைந்திருக்கும். 1856இல் இந்த அமைப்பு கடற்படையின் கீழ் சென்ற பிறகு எழுந்த வரிசைகளில் ஒழுங்கு இன்னும் இறுக்கமாகத் தெரிகிறது. அலங்காரம் என்று சொல்ல எதுவும் இல்லை; கதவு, சன்னல், புகைபோக்கி, மறுபடியும் கதவு, சன்னல், புகைபோக்கி என்று ஒரே சந்தம் திரும்பத் திரும்ப வருவதே இந்தக் கட்டடங்களின் அழகு.

1920களில் காவல் அமைப்பு சுருங்கியபோது நிலையங்கள் பல மூடப்பட்டு, வீடுகள் தனித்தனியாக விற்பனைக்கு வந்தன. அன்றுவரை ஒரே முதலாளியிடம் இருந்த வரிசைக்குப் பல முதலாளிகள் வந்தார்கள். ஒருவர் மரச் சன்னலை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் சன்னல் வைத்தார். அடுத்தவர் வாசலில் ஒரு முகப்பறை எழுப்பினார். மற்றொருவர் கடல் இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று கூரையைத் துளைத்து மாடிச் சன்னல் அமைத்தார். தனித்தனியாகப் பார்த்தால் எந்த மாற்றமும் பெருங்குற்றம் அல்ல என்றாலும், எல்லாம் சேர்ந்து அந்தச் சந்தத்தை உடைத்துவிடுகின்றன.

கண்ணுக்குத் தெரியாத கேடு பூச்சில் இருக்கிறது. நண்பர் ஒருவர் வாங்கிய இத்தகைய வீட்டில் படுக்கையறைச் சுவர் எப்போதும் ஓதமாகவே இருந்தது. முன்பு இருந்தவர் கடற்காற்றைத் தடுக்க எண்ணி வெளிச்சுவர் முழுவதும் சிமெண்ட் பூசியிருந்தார். நடுவில் இடைவெளி இல்லாத அந்தத் திண்ணிய சுவர் சுண்ணாம்புக் காரையால் கட்டியது. மழையில் நனைந்தாலும் காற்றில் ஈரத்தை விட்டுவிடும். சிமெண்ட் பூச்சில் விழும் மயிரிழை விரிசல் வழியே புகுந்த நீரோ வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, சன்னலுக்கு மேலிருந்த மரச்சட்டத்தையும் இற்றுப்போகச் செய்திருந்தது. சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசவும், சுவர் உலரவும் ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடமானால் உள்ளே ஒரு தடுப்புச் சுவரை எடுப்பதற்கும் ஒப்புதல் தேவை. பாதுகாக்கப்பட்ட பகுதியில் வெறுமனே அமைந்த வீடு என்றால் கட்டுப்பாடு பெரும்பாலும் வெளித்தோற்றத்தோடு நின்றுவிடும். என்னைக் கேட்டால், இரண்டு சிறு வீடுகளை உள்ளே ஒன்றாக்கிக்கொள்வதில் தவறில்லை. ஒன்பது அடி அறையில் இன்றைய குடும்பம் வாழ வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. முன்பக்கத்தில் தேவையற்றுப்போன இரண்டாவது கதவை மட்டும் அடைக்காமல் அப்படியே விட்டுவைத்தால் போதும். சமையலறையை நீட்ட வேண்டுமென்றால் துவைக்கும் அறை இருந்த பின்பக்கம் இருக்கவே இருக்கிறது. சஃபோக் மாவட்டத்தின் டன்விச் ஹீத்தில் 1827இல் எழுந்த வரிசையை, பழைய கட்டடங்களையும் இயற்கை இடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு தேநீரகமாகவும் விடுமுறைத் தங்கலாகவும் மாற்றியிருக்கிறது. பயன் முழுவதும் மாறியும், தொலைவிலிருந்து பார்க்கையில் அது இன்னும் ஒரே வரிசைதான்.

குக்மியருக்குக் கிழக்கே பர்லிங் கேப்பில் 1878இல் கட்டிய வரிசைக்கு நேர்ந்த மாற்றத்துக்கு யாரும் விண்ணப்பிக்கவில்லை. வெண்சுண்ணப் பாறையைக் கடல் அரித்துக்கொண்டே வர, ஓரத்து வீடுகளை ஒன்றன்பின் ஒன்றாக இடித்து அகற்ற வேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறையும் இரு குடும்பங்களுக்கு இடையே இருந்த பொதுச்சுவர், காற்றும் உப்பும் படாமலே இருந்த அந்த மெல்லிய உட்சுவர், வெளிச்சுவராகி நேராகக் கடலை எதிர்கொள்கிறது. இப்போது அங்கே ஓரத்தில் நிற்கும் வீட்டின் சுவரும் அப்படி வெளியே வந்ததுதான்.