பழைய லேஸ் வாங்குகிறவர்களுக்கு

பழைய லேஸ் கைக்கு வந்தால், அழகில் சொக்கிப்போவதற்கு முன் பூதக்கண்ணாடியை எடுங்கள். நூல் எந்த வழியில் போகிறது என்று பாருங்கள்.

கை லேஸில் பெரிய பிரிவுகள் இரண்டு. ஊசி லேஸில் காஜாத் தையலை வரிசை வரிசையாக, ஒன்றில் ஒன்று கோத்து, அடியில் துணியே இல்லாமல் எழுப்புவார்கள். பிரான்சின் அலான்சோன் லேஸ் இந்த வகை; எனக்கு அதைவிடப் பிடித்தது எதுவும் இல்லை. பாபின் லேஸில் திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, பாபின் எனும் சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை ஜோடி ஜோடியாக மாற்றியும் முறுக்கியும் பின்னுவார்கள். லேஸில் உள்ள பூவின் அடர்ந்த இதழ் ஒன்றை உற்றுப் பாருங்கள். நெய்த துணிபோலப் பாவும் ஊடும் தெரிந்தால் பாபின். நெருக்கமான கண்ணிகள் தெரிந்தால் ஊசி.

1809-ல் இங்கிலாந்தின் ஜான் ஹீத்கோட், பாபின் லேஸ் போன்ற வலையைப் பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு இயந்திர வலையில் கையால் செய்த பூக்களைப் பொருத்திய துண்டுகளும் வந்தன. அவற்றைப் போலி என்று ஒதுக்குவது அநியாயம். அந்தப் பூக்களில் இருப்பது முழு உழைப்பு.

உண்மையில் ஏமாற்றுவது ரசாயன லேஸ்தான். துணியில் இயந்திரத்தால் பூவேலை செய்து, பிறகு துணியை மட்டும் கரைத்துவிடுவார்கள். தூரத்தில் ஊசி லேஸ் போலவே இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கண்ணி ஒழுங்கே இருக்காது. நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஏறி, விளிம்பு பிசிறடித்திருக்கும்.

வாங்கியதை மடிக்காதீர்கள், அமிலமற்ற தாளோடு சுருட்டி வையுங்கள். குளோரின் ப்ளீச் பக்கமே போகாதீர்கள்!