கத்தி நிற்க வேண்டிய இடம்

2020 நவம்பர் கடைசியில் நிவர் புயல் கரை கடந்த இரவு, எங்கள் தெருமுனையில் நின்ற இயல்வாகை மரம் எதிர்வீட்டு ஓட்டுக்கூரைப் பக்கம் சாய்ந்தது. வேர் முழுதாகப் பிடுங்கிக்கொள்ளவில்லை. அடிமரம் மதில்மேல் படுத்திருந்தது. பெரிய கொம்பு ஒன்று மட்டும் ஓட்டுக்கு ஒரு முழம் மேலே அந்தரத்தில் தொங்கியது. இரண்டு நாள் யார் யாரோ வந்து பார்த்தார்கள். "வெட்டினால் கூரை போகும்" என்று சொல்லிவிட்டு மெஷின் ரம்பத்தைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மகனோடு வந்தார். 66 வயது. இடுப்பில் கொடுவாள், தோளில் கயிறு. பக்கத்து வேம்பின் கவையில் கயிற்றைப் போட்டு, அந்தக் கொம்பைக் கட்டி, நுனியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து இறக்கினார். ஒவ்வொரு துண்டும் கிணற்றுக்குள் குடம் இறங்குவதுபோல நிதானமாகக் கீழே வந்து உட்கார்ந்தது. ஓர் ஓடுகூட உடையவில்லை. காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை நான் நின்று பார்த்தேன். நின்று பார்க்க எனக்கு நேரம் இருந்தது. வேலை போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

அதற்கு முன் 21 ஆண்டுகள் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ தொழிற்சாலையில் கட்டிங் பிரிவில் இருந்தேன். தோல் வெட்டுகிற வேலை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது அச்சு வைத்து அழுத்துகிற வேலையாகத் தெரியும். உண்மையில் அது முழுக்க முழுக்கக் கண் வேலை. ஒரு தோலை மேசையில் விரித்தால் அந்த மாடு வாழ்ந்த வாழ்க்கை அதில் இருக்கும். உண்ணி கடித்த புள்ளிகள், முள்வேலி கிழித்த கோடு, சாட்டை பட்ட தழும்பு எல்லாம் தெரியும். முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் இழுபடும். எந்தத் துண்டு எங்கே வரவேண்டும், கத்தி எங்கே நிற்க வேண்டும் என்று வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். வெட்டிய தோலை ஒட்ட முடியாது. கொரோனா ஆண்டில் ஆர்டர்கள் நின்றன, எங்கள் பிரிவை மூடினார்கள். எனக்கு அப்போது 43 வயது. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், வாடகை வீடு.

பெரியவரிடம் அன்றே கேட்டேன். "நைனா, உங்களோடு வரட்டுமா?" அவர் என் கையை வாங்கி உள்ளங்கையைப் பார்த்தார். கத்தி பிடித்த காய்ப்பு அதில் இருந்தது. "மாசியில் புளி உலுக்கப் போகிறோம். வா" என்றார்.

புளிய மரத்தில்தான் ஏறப் பழகினேன். 2021 மாசி, பங்குனி இரண்டு மாதமும் அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பக்கச் சாலையோர மரங்கள். புளியங்கொம்பு ஆளைக் கைவிடாது என்பதால் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல மரம் இல்லை என்று நைனா சொன்னார். முருங்கையும் குல்மோகரும் அப்படியில்லை. சொல்லாமல் முறியும். முதல் மூன்று வாரம் இரவில் சோற்றைப் பிசைய விரல்கள் மடங்கவில்லை. முன்கை இரண்டும் வீங்கியிருந்தன. நைனாவின் மகனுக்கு 23 வயது. அவன் நான்கு மரம் ஏறி இறங்கும் நேரத்தில் நான் ஒன்றில் பாதி ஏறியிருப்பேன். ஆனால் எந்தக் கொம்பில் பொந்து இருக்கிறது, எந்தக் கவையில் இரண்டு கிளைகளுக்கு நடுவில் பட்டை உள்வாங்கிப் பிடிமானம் இல்லாமல் நிற்கிறது என்பதைக் கீழே நின்றபடியே நான் முதலில் கண்டுபிடித்துவிடுவேன். தோல் பார்த்த கண்ணுக்குப் பட்டை அந்நியமாக இல்லை. நைனா கொடுவாளைத் திருப்பி அதன் முதுகால் மரத்தைத் தட்டிக் காட்டுவார். நல்ல இடத்தில் 'டங்' என்று கெட்டியாகக் கேட்கும். உளுத்த இடத்தில் 'பொத்' என்று அடங்கிவிடும். இன்றைக்கும் ஒரு ரப்பர் சுத்தியலால் அதைத்தான் செய்கிறேன்.

கயிற்று வித்தை தனி. நைனா இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொள்வதே பெரிது. எனக்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. என் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்: "என்னங்க, விழுந்தால் பிடிக்க என்ன இருக்கிறது?" அதற்குப் பதில் தேடித்தான் ஏலகிரியில் பாறை ஏறப் பழக்கும் ஒருவரிடம் பத்து நாள் போனேன். இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டையான ஹார்னஸ், கயிற்றோடு அதை இணைக்கும் கொக்கியான காரபைனர், 11 மில்லிமீட்டர் கயிறு, புரூசிக் முடிச்சு எல்லாம் அங்கே கற்றவை. அந்த முடிச்சு எனக்கு மிகவும் பிடித்தது. மெல்லிய கயிற்று வளையத்தைத் தடித்த கயிற்றில் மூன்று சுற்றுச் சுற்றினால் போதும். பாரம் இல்லாதபோது மேலும் கீழும் நகரும். பாரம் விழுந்த நொடியே இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஆஸ்திரியாவைச் சேர்ந்த மலையேற்ற வீரர் கார்ல் புரூசிக்கின் பெயர் அதற்கு. ரம்பத்தைக் கையில் எடுத்துவிட்டால் இரண்டு இடத்தில் கட்டிக்கொள்ளாமல் நான் அறுப்பதில்லை. ஒன்று ரம்பத்தில் பட்டு அறுந்தாலும் இன்னொன்று இருக்க வேண்டும்.

இனி நான் செய்த தவறு. 2021 ஆகஸ்ட் மாதம், வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீடு. தனியாக நான் எடுத்த இரண்டாவது வேலை. மாடிப்படிக்கு மேல் நீண்டிருந்த வேப்பங்கிளை, தொடை அளவு பருமன். முதலில் கிளையின் அடிப்பக்கத்தில் கீழ்வெட்டுப் போட வேண்டும் என்று தெரியும். அவசரம். மேலிருந்து மட்டும் அறுத்தேன். முக்கால் பங்கு அறுபடும்போதே கிளை தன் பாரத்தில் மடங்கியது. முறிகிற சத்தம் வரவில்லை, துணி கிழிகிற சத்தம் வந்தது. கிளையோடு சேர்ந்து அடிமரத்துப் பட்டை ஒன்றரை முழ நீளத்துக்கு, நான்கு விரல் அகலத்துக்கு உரிந்து தொங்கியது. உள்ளே ஈரமான வெளிர்மஞ்சள் மரம். வீட்டுக்கார அம்மாவுக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. கேட்ட கூலியைக் கொடுத்தார். 21 ஆண்டில் நான் ஒரு நல்ல தோலை அப்படிக் கெடுத்ததில்லை. அன்று இரவு சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்க வனத்துறையில் விஞ்ஞானியாக இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்தவர். மரத்துக்குக் காயம் ஆறுவது நம் உடம்பில் ஆறுவது போல அல்ல என்பதை அவர் அறுத்தே காட்டினார். நமக்குப் புதுத் தசை வளர்ந்து பழைய இடத்தை நிரப்புகிறது. மரமோ கெட்ட பகுதியை அப்படியே விட்டுவிட்டு, அதைச் சுற்றி உள்ளே சுவர் எழுப்பி, அழுகல் பரவாமல் அடைக்கிறது. வெளியே புது மரம் இரண்டு ஓரத்திலிருந்தும் உருண்டு வந்து மூடுகிறது. பாதிக்கப்பட்ட இடம் உள்ளேயே இருக்கும்.

ஆகவே எங்கே அறுக்கிறோம் என்பதுதான் எல்லாம். ஒரு கிளை அடிமரத்தில் சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். சட்டைக் கழுத்துப்பட்டிபோல ஒரு தடிப்பு இருக்கும். மேல்பக்கம் கவையில் பட்டை சுருங்கிக் கறுத்த வரம்பாக ஏறியிருக்கும். அந்தத் தடிப்பு அடிமரத்தின் சொத்து. காயத்தை அடைக்கும் திசு அதற்குள் இருக்கிறது. ரம்பம் அதற்கு வெளியே, ஒட்டினாற்போல நிற்க வேண்டும். நம் ஊரில் இரண்டு விதமாகவும் தவறு நடக்கிறது. ஒன்று, மழமழவென்று தெரிய வேண்டும் என்று அடிமரத்தோடு இழைத்தாற்போல அறுப்பது. அதில் தடிப்பு போய்விடும், காயமும் இரட்டிப்பாகும். இன்னொன்று, ஒரு முழம் முளைக்குச்சி விட்டு வெட்டுவது. அந்தக் குச்சி காய்ந்து, உளுத்து, மழைநீரை உள்ளே இறக்கும். பல பொந்துகள் அப்படித் தொடங்குகின்றன.

பெரிய கிளைக்கு மூன்று வெட்டு. போன வாரம் காட்பாடி காந்திநகரில் ஒரு தூங்குமூஞ்சி மரம். கிளை ஒன்பது அங்குலப் பருமன். தடிப்பிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்தேன். ரம்பத்தை மரம் கவ்வத் தொடங்கும்போது நிறுத்த வேண்டும். பிறகு அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து. கிளை 'படார்' என்று உடைந்து கயிற்றில் நின்றது, பட்டை கீழ்வெட்டு வரைதான் வந்தது. பாரம் போன பிறகு மிச்ச முண்டைக் கைரம்பத்தால் நிதானமாகத் தடிப்புக்கு வெளியே அறுத்தேன். கையில் ஈர மரத்தூள். வெட்டுமுகம் கிட்டத்தட்ட வட்டமாக இருந்தது. அது எனக்குத் திருப்தி.

அப்போது வீட்டுக்காரர் கீழிருந்து, "தார் பூசவில்லையா?" என்று கேட்டார். எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி வரும். சாணம், செம்மண், தார், பெயிண்ட் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை, பல நேரம் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கிறது என்று விளக்குவேன். சிலர் நம்புவதில்லை, நான் போனபிறகு பூசிவிடுகிறார்கள்.

இன்னும் கடினமான பேச்சு ஒன்று இருக்கிறது. "மொட்டை அடித்துவிடுங்கள், மூன்று ஆண்டுக்குத் தொல்லை இருக்காது." மொட்டை அடித்த மரம் செத்துப்போகக்கூடாது என்ற தவிப்பில் வெட்டிய இடமெல்லாம் கொத்துக் கொத்தாகத் துளிர் விடும். அந்தப் போத்துகள் மேல்பட்டையில்தான் ஒட்டியிருக்கும். அவை பருக்கும்போது முதல் காற்றுக்கே பிய்த்துக்கொண்டு விழும். ஆபத்தைக் குறைக்கப் போய்ப் பெருக்குகிறோம். உயிருள்ள தழையில் கால் பங்குக்கு மேல் ஒரே நேரத்தில் எடுக்க மாட்டேன் என்பது என் கணக்கு. அதனால் மூன்றில் ஒரு வேலை என் கையைவிட்டுப் போகிறது. போகட்டும். அதுவும் வேலூர் வெயிலில், சித்திரையில் வந்து மொட்டை கேட்பவர்களிடம் எனக்குக் கோபமே வரும். நிழலில் இருந்த பட்டை ஒரே நாளில் 40 டிகிரி வெயிலில் நின்றால் வெந்து வெடிக்கும். வேல மரங்கள் சூழ்ந்த ஊர் என்பதால் வேலூர் என்று பெயர் வந்ததாகச் சொல்லும் ஊர் இது. இங்கே நிழலின் விலை தெரியாதவர் யார்?

வேப்பமரங்களுக்காக இன்னொன்று. சில ஆண்டுகளாக மழைக்காலம் முடியும்போது நுனித்தழை முழுக்கப் பழுப்பாகிக் கருகிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். பட்டுவிட்டது என்று நினைத்து வெட்டச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அது பூஞ்சையும், தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சியும் சேர்ந்து செய்யும் நுனிக்கருகல். பெரும்பாலான மரங்கள் கோடையில் மறுபடி துளிர்க்கின்றன. நகத்தால் ஒரு சிறு குச்சியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் பொறுத்திருங்கள்.

என்னிடம் சிலர் கேட்கிறார்கள். "எனக்கு 45 ஆகிறது, இந்த வேலைக்கு வரலாமா?" வரலாம். முதலில் முழங்காலையும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். மெஷின் ரம்பம் வாங்கிக்கொண்டு தொடங்காதீர்கள். ஓர் ஆண்டு கீழ் ஆளாக நின்று கயிறு பிடியுங்கள், தழை அள்ளுங்கள். மேலே இருப்பவனின் உயிர் கீழே கயிறு பிடிப்பவன் கையில் இருக்கிறது என்பது அப்போதுதான் புரியும். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மின்சாரத்தை நிறுத்தியபிறகுதான் மரத்தைத் தொட வேண்டும். பொது இடத்து மரத்தை வெட்டச் சொன்னால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதியைக் கேளுங்கள். வருமானம் ஆடிக்கு முன்பும் ஐப்பசி மழைக்கு முன்பும் கொட்டும், நடுவில் வற்றும். என் மனைவி தையல் மெஷினை மறுபடி எடுத்ததால்தான் முதல் இரண்டு ஆண்டு தள்ளினோம். இன்றும் ஒவ்வொரு மரத்திலிருந்தும் இறங்கியதும் முதலில் அவளுக்குத்தான் போன் செய்கிறேன்.

சத்துவாச்சாரி வேம்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதுகிறேன். போன மாதம் போனபோது உரிந்த இடத்தின் மேல்பாதி முழுதாக மூடியிருந்தது. இரண்டு பக்கத்துப் பட்டையும் உதடுபோலச் சேர்ந்து ஒரு கோடு மட்டும் தெரிகிறது. கீழ்ப்பாதி இன்னும் ஓர் அங்குலம் திறந்திருக்கிறது. கம்பியை விட்டுப் பார்த்தேன், நான்கு அங்குலம் உள்ளே போயிற்று. சுத்தியலால் தட்டினால் அந்த இடத்தில் சத்தம் அடங்குகிறது. அதற்கு நேர் மேலே ஒரு கிளை வீட்டுப் பக்கம் நீண்டிருக்கிறது, அதன் நுனிப்பாரத்தைக் குறைக்க வேண்டும். தை பிறந்ததும் வருகிறேன் என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். கூலி எவ்வளவு என்று கேட்டார். இந்த மரத்துக்கு வாங்க மாட்டேன் என்றேன்.