மணல் ஊர்த் திருவிழா, கடற்கரைக் காற்று: சௌகார்பேட்டை நாட்குறிப்பு 2025

பிப்ரவரி 12, புதன்

சென்னை சௌகார்பேட்டையில் வாழும் ராஜஸ்தான் குடும்பங்களின் பண்டிகைகளை ஒட்டிய குறிப்புகள் இவை. நேற்று தைப்பூசம், இன்று பௌர்ணமி. ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் மரு மகோத்சவம் எனும் பாலைவனத் திருவிழா இன்றிரவோடு முடிகிறது. ஊருக்கு மேற்கே 40 கிலோமீட்டரில் இருக்கும் சம் மணல்மேட்டில் பாட்டும் ஆட்டமும் நடக்கும். கடிசர் ஏரிக்கரை ஊர்வலம், தலைப்பாகை கட்டும் போட்டி, மீசைப் போட்டி, ஒட்டக அலங்காரம், எல்லைப் பாதுகாப்புப் படையின் ஒட்டகச் சாகசம் எல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிடும். ஆங்கிலத் தேதி மாறினாலும் பௌர்ணமி மாறாது. அடுத்த வருடத்துக்கு ரயில் டிக்கெட் எடுக்க நினைப்பவர்கள் வட நாட்டு மாக மாதப் பௌர்ணமியை வைத்தே கணக்குப் போடலாம்.

சென்னைக்காரர்கள் ஏமாறுவது குளிரில்தான். பகலில் அரைக்கைச் சட்டை போதும். பொழுது சாய்ந்ததும் மணல் சில்லிட்டுப்போகும், விடியற்காலையில் 10 டிகிரியை ஒட்டி இறங்கும். உட்கார ஜமுக்காளமும் காதுக்கு மப்ளரும் இல்லாமல் போக வேண்டாம். ஒட்டகம் எழும்போது பின்னங்கால்தான் முதலில் நிமிரும், மேலே இருப்பவர் முன்பக்கம் கவிழ்வார். பின்னால் சாய்ந்து சேணத்தை இறுகப் பிடிக்க வேண்டும். உட்காரும்போது முன்னங்கால் முதலில் மடியும், அப்போதும் அதே சாய்வுதான். சட்டைப்பையில் செல்போன் வைத்துக்கொண்டு ஏறினால் மணலைச் சலிக்க வேண்டியிருக்கும்.

மார்ச் 6, வியாழன்

ஹோலிக்கு ஒரு வாரம். சௌகார்பேட்டை மொட்டை மாடிகளில் ஹோலி நெருப்புக்கான பட்குல்லா காய்கிறது. எலுமிச்சை அளவு பசுஞ்சாணத்தை வில்லையாகத் தட்டி, நடுவில் விரலால் துளை போட்டு, காய்ந்ததும் சணலில் மாலையாகக் கோப்பார்கள். மேற்கு ராஜஸ்தானின் மார்வார் பகுதியில் வறண்ட காற்றில் இது இரண்டு மூன்று நாளில் கல்லாகிவிடும். இங்கே முழுசாக ஒரு வாரம் வேண்டும், தினமும் புரட்டிப் போட்டு, பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். ஒன்றை உடைத்துப் பாருங்கள். நடுவில் பச்சை தெரிந்தால் எரியாது, தெரு முழுக்கப் புகைதான். பாலைவனத்தில் காற்றே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. தங்கசாலையில் அந்தப் பாதியும் நம் தலையில். இந்தப் பருவத்துப் பண்டிகைகள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

தலைப்பாகைத் துணியும் அப்படியே. சாஃபாவுக்கு ஏறக்குறைய 9 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். பங்குனிக்கு வெள்ளையில் சிவப்பு போட்டது. இங்கே கஞ்சி போட்ட துணி மதியத்துக்குள் துவண்டுவிடும். கொஞ்சம் கெட்டியாகக் கஞ்சி போட்டு, கட்டுவதற்குச் சற்று முன் இஸ்திரி போட வேண்டும்.

மார்ச் 13, வியாழன்

இன்றிரவு ஹோலிகா தகனம், பிரகலாதனை எரிக்க வந்த ஹோலிகாவே எரிந்த கதையை நினைத்து மூட்டும் நெருப்பு. சுபகாரியத்துக்கு ஆகாத பத்ரா காலம் இரவு 11.26 வரை இருப்பதால் அதற்குப் பிறகே நெருப்பு. குழந்தைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கூட்டி வர வேண்டியதுதான்.

தெருவில் அடுக்குபவர்களுக்குச் சில விஷயங்கள். தார் ரோட்டின் மேல் நேரடியாக விறகு வைத்தால் தார் உருகிப் பள்ளம் விழும். முதலில் செங்கல் பரப்பி, அதன்மேல் நாலு விரல் உயரம் மணல் கொட்டுங்கள். யானைக்கவுனிப் பக்கத்துச் சந்துகளில் தலைக்கு மேல் கேபிள் தொங்குகிறது, குவியல் இடுப்பு உயரத்தைத் தாண்ட வேண்டாம். நடுவில் நடும் கொம்புதான் பிரகலாதன். தீ பிடித்ததும் அதை மட்டும் உருவி எடுத்துவிடுவார்கள், ஆழமாகப் புதைத்தால் உருவ வராது. டயரும் பெயின்ட் அடித்த பலகையும் எந்தக் காரணத்துக்கும் கூடாது. நாளைக் காலையில் இந்தச் சாம்பலைப் பூஜைக்கு எடுக்கிறார்கள், அதில் என்ன கலந்திருக்கிறது என்பது முக்கியம்.

மார்ச் 14, வெள்ளி

ஒரு பக்கம் கலர்ப்பொடி, மறு பக்கம் பெண்கள் சிவன் பார்வதியை வழிபடும் கண்கோர் நோன்பின் தொடக்கம். வட நாட்டுக் கணக்கில் பௌர்ணமிக்கு மறுநாளே சைத்ரம் பிறந்துவிடுகிறது. யுகாதிக்கு முன்பே அவர்களுக்குச் சைத்ரம் பாதி ஓடிவிடுவது அதனால்தான்.

ஆறின சாம்பலில் 8, சாணத்தில் 8 என்று பூஜைக்கு 16 பிண்டி (உருண்டை) பிடிப்பார்கள். வெறும் சாம்பல் ஒட்டாது, உதிரும். இரண்டு பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு சலித்த சாம்பல் சேர்த்தால் நிற்கும். சாம்பல் கூடினால் மூன்றாம் நாள் வெடிக்கும். நெல்லிக்காய் அளவு போதும். நிழலில் காயட்டும்.

மார்ச் 21, வெள்ளி

சிலர் வீட்டில் இன்று சீத்தலா சப்தமி, மற்றவர்களுக்கு நாளை அஷ்டமி. முதல் நாள் இரவே சமைத்து, மறுநாள் அடுப்பே மூட்டாமல் ஆறினதைப் படைத்துச் சாப்பிடுவது வழக்கம். அம்மைக்கான தெய்வம். அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சிக்கல் இரவில் இருக்கிறது. தார் பாலைவனத்தில் இப்போதும் இரவு இதமாகத் தணியும். இங்கே நள்ளிரவிலும் புழுக்கம் போகாது. தயிரும் சர்க்கரையும் சேர்த்த ஓலியா சாதம் விடியும்போது நுரைத்திருக்கும். சாதத்தை அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள், தயிரைக் காலையில் கலக்கலாம். அடுப்பு மூட்டுவதில்லையே தவிர, ஃபிரிட்ஜுக்குத் தடை இல்லை. வெளியில் கிடந்த சாதத்தை மட்டும் சாப்பிட வேண்டாம், வயிற்றைக் கெடுக்கும்.

பூரி மாவைத் தண்ணீருக்குப் பதில் பாலில் பிசைந்து, கிலோவுக்கு 100 கிராம் நெய் சேர்த்து, சின்னத் தீயில் ஈரம் போகப் பொரித்தால் மறுநாளும் மொறுமொறுப்பு நிற்கும். நம்பகமான பதார்த்தம் கேர் சாங்கிரி. சாங்கிரி வேறொன்றுமில்லை, நம் வன்னி மரத்துக் காய். கேர் பாலைவனப் புதர் ஒன்றின் சின்னக் காய். 100 கிராம் சாங்கிரிக்கு 50 கிராம் கேர், இரவெல்லாம் ஊறல். கேரை மட்டும் உப்பு மோரில் ஊறப்போட்டால் கசப்பு இறங்கும். ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீரில் வேகவைத்து, எண்ணெய் தாராளமாக விட்டு, ஆம்சூர் (உலர்ந்த மாங்காய்ப் பொடி), மிளகாயோடு சுருள வதக்க வேண்டும். ஈரம் இல்லை, புளிப்பு உண்டு, எண்ணெய் மூடியிருக்கிறது. கெடாததன் ரகசியம் அவ்வளவுதான்.

மார்ச் 22, சனி

கண்கோர் பூஜைக்கான கோதுமை முளை, அதாவது ஜவாரா விதைப்பு. சாம்பல் எடுத்த அன்றே கோதுமை போடுகிற வீடுகளும் உண்டு. ஆனால் நம் வெக்கையில் பத்து நாளைத் தாண்டினால் பயிர் சாய்ந்துவிடும், இன்று போடுவதே சரி. முளைப்பாரி போட்ட கை இருந்தால் பாதி வேலை தெரிந்திருக்கும்.

8 அங்குல மண் சட்டி, அடியில் துளை அவசியம். பாதி மணல், பாதி மக்கின சாண எரு. 100 கிராம் கோதுமையை ஆறு மணி நேரத்துக்கு மேல் ஊறவைக்காதீர்கள், நுரை கட்டி நாறும். வடித்துத் துணியில் ஒரு ராத்திரி கட்டிவைத்து, முனை வெடித்ததும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, அரை விரல் மண் தூவுங்கள். பழைய கோதுமை சரியாக முளைக்காமல் போகலாம். இருபது மணியை ஈரத்துணியில் சோதித்துவிட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

இந்த நாட்களில் மார்வாரில் பெண்கள் மாலை வேளையில் குட்லா எடுப்பார்கள். துளையிட்ட பானைக்குள் விளக்கு, தலையில் வைத்து வீடு வீடாகப் பாட்டு. கொசப்பேட்டைக் குயவர்களிடம் சொல்லிவைத்தால் கிடைக்கும். பச்சை மண் அரைக்காய்ச்சலாக இருக்கும்போதே துளை போடச் சொல்லுங்கள், சுட்டபின் குத்தினால் விரியும். பானையின் கீழ்ப்பகுதியில் மூன்றில் ஒரு பங்குக்குத் துளை வேண்டாம், அங்கே மணல் போட்டு அகலை ஊன்ற வேண்டும். சாயங்காலக் கடல்காற்று கிழக்கிலிருந்து வருகிறது, அந்தப் பக்கத் துளைகளை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டால் விளக்கு நிற்கும்.

மார்ச் 26, புதன்

முளையடியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி தெரிகிறது என்று சட்டியைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். வேரை ஒட்டி ஒரே சீராக, வேரின் வடிவத்திலேயே இருந்தால் அது வேர்த்தூவி. தண்ணீர் தெளித்ததும் படிந்து காணாமல் போகும். சிலந்தி வலை போல விதைக்கு விதை தாவி, சாம்பல் நிறமேறி, முகர்ந்தால் மக்கின வாடை வந்தால் பூஞ்சை. அந்த இடத்தைச் சுற்றி மண்ணோடு கிள்ளி எடுத்துவிட்டு, ஒரு வேளை தண்ணீரை நிறுத்தி, ஜன்னலோரம் வைத்தால் மீதி பிழைக்கும். சொம்பால் ஊற்றாமல் கையால் தெளிப்பதே போதும்.

மார்ச் 30, ஞாயிறு

யுகாதியும், கண்கோருக்கு முந்தின நாளான சிஞ்சாராவும் ஒரே நாள். மருதாணி, புதுப்புடவை, கேவர் எனும் இனிப்பு.

கேவருக்கு மாவு குளிர்ந்திருக்க வேண்டும், நெய் கொதிக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள அந்த இடைவெளிதான் வலை வலையாகப் பூக்கிறது. 60 கிராம் உறைந்த நெய்யை ஐஸ் கட்டியோடு வெண்ணெய் போல வெளுக்கும்வரை தேய்த்து, 250 கிராம் மைதா, 125 மில்லி குளிர்ந்த பால், சிறிது சிறிதாக 700 மில்லி ஐஸ் தண்ணீர். கரண்டியிலிருந்து நூலாக ஒழுக வேண்டும். கிண்ணத்தை ஐஸ் தட்டின்மேலேயே வையுங்கள். சென்னைச் சமையலறையில் கால் மணி நேரத்தில் மாவு சூடேறி, நெய் பிரிந்து, ஊற்றினால் வலைக்குப் பதில் தோசைதான் வரும். ஒடுங்கின உயரப் பாத்திரத்தில் பாதி நெய். ஒரு கரண்டி ஊற்றி, நுரை முழுக்க அடங்கின பிறகே அடுத்தது. நடுவில் ஊசியால் வழி விலக்கிக்கொண்டே பத்துப் பன்னிரண்டு முறை. பாகைப் பரிமாறும்போது மட்டும் ஊற்றுங்கள். ஊற்றி வைத்தால் ஈரக்காற்றும் சேர்ந்து ஒரு மணியில் நமுத்துவிடும்.

மார்ச் 31, திங்கள்

கண்கோர். திரிதியை காலை 9.11-க்குப் பிறகு. ரம்ஜானும் இன்றே என்பதால் மண்ணடிப் பக்கம் வண்டி நகராது, பூக்கடை வேலையை அதிகாலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

சுவரில் குங்குமம், மருதாணி, மை மூன்றிலும் பதினாறு பதினாறு பொட்டு. அறுகம்புல்லால் தண்ணீர் தெளித்து ஈசர் (சிவன்), கவர் (பார்வதி) பூஜை. ஜெய்ப்பூரில் திரிபோலியா வாசலிலிருந்து பவனி புறப்படும், உதய்பூரில் பிச்சோலா ஏரிக்கரை. ஜெய்சல்மேரில் மட்டும் ஈசர் இல்லாமல் கவர் தனியாகப் போகிறாள், அதுவும் சதுர்த்தியன்று.

ஈசர், கவர் மரப்பொம்மைகளைக் கரைப்பதில்லை, பிண்டியும் ஜவாராவும்தான் தண்ணீருக்கு. கிணறு இல்லாத அடுக்குமாடியில் பெரிய வாளி போதும். சுடாத களிமண் அரை மணியில் கரையும், ஆயில் பெயின்ட் பூசியிருந்தால் கரையவே கரையாது. நீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்றலாம், பயிரைப் பசுவுக்குக் கொடுக்கலாம். பொம்மைகளைத் துணி களைந்து, மூன்று நாள் நிழலில் ஆறவைத்து, வேப்பிலையோடு பருத்தித் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் ஐப்பசி மழைக்குள் பூசணம் பூத்துச் சாயம் உரியும்.

இன்னும் போக நினைப்பவர்களுக்கு ஜோத்பூரில் திங்கா கவர் திருவிழா பாக்கி இருக்கிறது, கண்கோர் முடிந்து 16-ஆம் நாள் இரவு. வேஷம் போட்ட பெண்கள் கையில் பிரம்பு இருக்கும். கல்யாணமாகாத ஆண்கள் அடி வாங்கினால் சீக்கிரம் மாலை விழுமாம். ஆனால் பகலில் வெயில் கொளுத்தும், பழைய நகரத்தின் உள்ளேயே தங்க இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.