மூணு கடல் பெட்டி

போன மாசம் ஊருக்குப் போனப்ப உம்மா பரண்ல கிடந்த சாமானெல்லாம் இறக்கச் சொன்னாங்க, கரையான் ஏறிடுச்சாம். பித்தளை அண்டா, ஓரம் நசுங்குன சகன் தட்டு, ராத்தா கல்யாணத்துக்கு வாங்குன பெட்ரோமாக்ஸ் லைட்டு, அதுக்கெல்லாம் பின்னாடி பழைய கைலில சுத்தி ஒரு பெட்டி. பிரிக்கறதுக்கு முன்னாடியே கைக்குத் தெரிஞ்சிடுச்சு. அந்தக் கனம் வேற எதுக்கும் வராது. சான்யோ டூ இன் ஒன், ரேடியோவும் டேப்பும் ஒண்ணா இருக்குற பெட்டி.

83ல வாப்பா சவூதி தம்மாமில இருந்து மொத லீவுல வந்தப்ப கொண்டு வந்தது. ரெண்டு பக்கமும் ஸ்பீக்கரு, நடுவுல கேசட் கதவு, மேல சில்வர் கலர்ல பட்டன், டயல்ல எஃப்எம் வேற இருக்கும், நம்ம கரையில அப்ப எஃப்எம்முக்கு எங்க போறது, முள்ளை அந்தப் பக்கம் தள்ளுனா வெறும் இரைச்சல்தான், இருந்தாலும் வீட்டுக்கு வர்றவங்ககிட்ட வாப்பா அதையும் திருப்பிக் காட்டுவாரு. உம்மா அதுக்கு ஃப்ரில் வச்சு ஒரு உறை தைச்சுப் போட்டாங்க. பெரிய டார்ச் பேட்டரிக் கட்டை ஆறு போடணும். எங்களுக்கு சட்டை எடுக்க யோசிக்கிற வாப்பா கட்டை வாங்க மட்டும் யோசிக்க மாட்டாரு.

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தொண்டி, இந்தப் பக்கம் எங்க வேணாலும் போய்க் கேட்டுப் பாருங்க, ஒவ்வொரு தெருவுலயும் ஒரு பெட்டிக் கதை இருக்கும். சபர் போனவங்க, அதான் வெளிநாட்டுக்குப் பொழைக்கப் போனவங்க, வீட்டை அவங்க கொண்டு வந்த பெட்டியை வச்சே அடையாளம் சொல்லுவாங்க. எங்க தெருவுல ஒரு வீட்டுக்கு இன்னிக்கும் அக்காய் வீடுன்னுதான் பேரு. அந்த வீட்டுக்காரரு ஒரு அக்காய் டெக்கு கொண்டு வந்தாரு, ஆம்ப்ளிஃபயர் தனி, ஸ்பீக்கர் தனி, எங்களுக்கெல்லாம் அது ஏதோ ஆஸ்பத்திரி மெஷின் மாதிரி தெரிஞ்சுச்சு. அக்காய்ல நாடா உரசுற ஹெட்டைக் கண்ணாடியும் ஃபெரைட்டும் வச்சுச் செஞ்சிருப்பான், தேயவே தேயாதுன்னு பேரு, அவரு அதை எங்களுக்குப் பாடமாவே நடத்துவாரு. இப்ப இருக்குற ஆட்டோக்காரப் பசங்க அதை "அக்கா வீடு"ன்னு நினைச்சுக்கிட்டு இருக்கானுங்க. எந்த அக்கான்னு ஒருத்தன் என்கிட்டயே கேட்டான்.

எங்க வீட்டுல நடந்த சண்டை வேற. உம்மாவோட தம்பி, எங்க மாமா, அவரு துபாய்ல இருந்து நேஷனல் பானாசோனிக் கொண்டு வந்தாரு. பெருநாளைக்கு ரெண்டு பேரும் ஒண்ணா லீவுல வந்துட்டா போதும், பிரியாணி சாப்பிட்ட கையோட ரெண்டு பெட்டியையும் திண்ணையில பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரே நாகூர் ஹனிபா கேசட்டை இதுல ஒரு தடவை அதுல ஒரு தடவை போட்டு எதுல குரல் கணீர்னு வருதுன்னு போட்டி. ஹனிபா குரலுக்கு பெட்டியே தேவையில்ல, தெருவுல நின்னு பாடுனாலே கடல்வரைக்கும் போகும், அதை வச்சு எதை டெஸ்ட் பண்றது. "மச்சான், சான்யோவெல்லாம் நேஷனல் கால் தூசி பெறுமா"ன்னு மாமா சீண்டுவாரு, வாப்பா பதில் பேசாம வால்யூமைக் கூட்டுவாரு.

இது பல வருஷம் கழிச்சு எனக்குத் தெரிஞ்ச விஷயம், தெரிஞ்ச அன்னிக்கு மாமாவுக்கு போன் போட்டு சொன்னேன். நேஷனல் கம்பெனிய ஆரம்பிச்சவரு கோனோசுகே மட்சுஷிடா. அவரோட சம்சாரத்துக்குத் தம்பி தோஷியோ இயுவே, மச்சான் கம்பெனியில வேலை பாத்துட்டு 1947ல தனியா வந்து ஆரம்பிச்சதுதான் சான்யோ. ஆக அங்கயும் மச்சான் மச்சினன் கதைதான், என்ன, அங்க மச்சினன்கிட்ட சான்யோ, எங்க வீட்டுல மச்சான்கிட்ட. மாமா போன்ல ரொம்ப நேரம் சிரிச்சாரு. அப்புறம் "அப்ப கடைசியில யாரு ஜெயிச்சா"ன்னு கேட்டாரு. 2008ல நேஷனல்ங்கிற பேரையே விட்டுட்டு கம்பெனி மொத்தமும் பானாசோனிக்னு ஆகிடுச்சு, அடுத்த வருஷமே சான்யோவோட பெரும்பங்கை வாங்கி, 2011ல முழுசா முழுங்கிட்டாங்கன்னு சொன்னேன். "பாத்தியா, உங்க வாப்பாகிட்ட அப்பவே சொன்னேன்"ங்குறாரு மனுஷன், அவரு பெட்டி பேரும் போச்சுங்கிறது காதுல ஏறவே இல்ல.

சான்யோன்னா ஜப்பான் பாஷையில மூணு பெருங்கடல்னு அர்த்தமாம், பசிபிக், அட்லாண்டிக், நம்ம இந்துமாக்கடல். எங்க பக்கம் மன்னார் வளைகுடாவை ஆண் கடல்னும் அந்தப் பக்கம் பாக் ஜலசந்தியைப் பெண் கடல்னும் சொல்லுவாங்க. ரெண்டு கடல் பாத்து வளந்த ஆளு மூணு கடல் பேரு வச்ச பெட்டியைத் தூக்கிட்டு வந்திருக்காரு, தெரிஞ்சிருந்தா வாப்பா அதை வச்சே மாமாவை மடக்கியிருப்பாரு.

அந்தப் பெட்டிக்கு முன்னாடி எங்க உம்மம்மா வீட்டுல ஒரு மர்ஃபி ரேடியோ, வால்வு செட்டு, போட்டா சூடாகி சத்தம் வர ஒரு நிமிஷம் ஆகும். அதுக்கு போஸ்ட் ஆபீஸ்ல வருஷா வருஷம் லைசென்ஸ் பணம் கட்டணும், அந்தப் புஸ்தகம் கூட இருந்துச்சு. ஆனா எந்தப் பெட்டியானாலும் எங்க கரையில முள்ளு நிக்கிற இடம் ஒண்ணுதான், இலங்கை வானொலி. தனுஷ்கோடியில இருந்து தலைமன்னாருக்கு சுமார் 30 கிலோமீட்டர், நடுவுல முழுக்க தண்ணி, மீடியம் வேவ் அலை தரைய விட உப்புத்தண்ணி மேல நல்லாப் போகும், அதனால மதுரைக்காரன் காதை ஒட்ட வச்சுக் கேட்டதை நாங்க பக்கத்து வீட்டுல பாடுற மாதிரி கேட்டோம். அப்துல் ஹமீது பாட்டுக்குப் பாட்டு நடத்துறப்ப உம்மா அடுப்படியில இருந்தே பதில் பாடுவாங்க. வாப்பா இல்லாத நாள்ல மட்டும்.

பாட்டைக் கொண்டு வந்து சேத்த அதே உப்புதான் பெட்டியையும் தின்னுச்சு. ஜப்பான்காரன் என்னத்தப் போட்டு செஞ்சாலும் கச்சான்னு நாங்க சொல்ற மேல்காத்து ரெண்டு சீசன் அடிச்சா போதும். மொதல்ல வால்யூம் திருகுறப்ப கரகரன்னும், அப்புறம் ஒரு ஸ்பீக்கரு ஊமையாகும், கேசட் கதவு ஸ்பிரிங் துரு ஏறி படக்குன்னு திறக்கறதுக்கு பதிலா நகத்தை விட்டு நெம்பணும், உள்ள செம்புக் கம்பியெல்லாம் பச்சையா களிம்பு. ராம்நாட்டுல ஒரு மெக்கானிக் அண்ணன் இருந்தாரு, ஸ்கூல் லீவு விட்டா நான் அவரு கடையிலதான் கிடப்பேன், சம்பளம் டீயும் வடையும். ரெக்கார்ட் சுவிட்சுன்னு உள்ள நீளமா பல்லு பல்லா ஒண்ணு இருக்கும், அதுல அழுக்குப் பிடிச்சா பெட்டி ஊஊன்னு ஊளையிடும், ஸ்பிரிட்டை விட்டு முன்ன பின்ன நாப்பது தடவை ஆட்டுனா அடங்கிடும். "கடக்கரைப் பெட்டிக்கு வைத்தியம் வேறடா தம்பி, திண்டுக்கல்காரன் கொண்டு வர்ற செட்டு இப்படியா இருக்கு"ன்னு சொல்லுவாரு.

மேட் இன் ஜப்பானா, மேட் இன் மலேசியாவான்னு திருப்பிப் போட்டு ஸ்டிக்கர் பாக்குற பழக்கம் எண்பதுகளோட கடைசியிலதான் வந்துச்சு. 85ல அமெரிக்காக்காரன் பேசி வச்சு யென் மதிப்பை ஏத்துனாங்க, 240 யென் இருந்த டாலரு ரெண்டு மூணு வருஷத்துல பாதியாச்சு, ஜப்பான்ல செஞ்சா கட்டுப்படியாகாம ஃபேக்டரியெல்லாம் சிங்கப்பூர் மலேசியான்னு நகந்துச்சு. எங்க ஊருல அதைச் சொன்ன விதம் "இப்ப வர்ற பெட்டி கனமே இல்ல"ங்கிறதுதான். அப்புறம் சிடி, எம்பி3, போன். அக்காய் 2000த்துல கவுந்துச்சு, ஐவாவை 2002ல சோனி எடுத்துக்கிச்சு, சன்சூயி 2014ல திவால். ஆனா பேரு மட்டும் சாகலை, யாராவது வாங்கி டிவியில ஒட்டுறான், வாஷிங் மெஷின்ல ஒட்டுறான். அப்படி ஒரு பழைய பேரைப் பாத்து பாசத்துல நான் ஒரு டிவி வாங்கி (பேரைச் சொல்லலை, விடுங்க) பதினாலாவது மாசம் ஸ்க்ரீன்ல கோடு விழுந்து, சர்வீஸ் சென்டருக்கு நடந்து நடந்து செருப்பு தேஞ்சதுதான் மிச்சம்.

சரி, பெட்டிக்கு வர்றேன். பாட்டு கேக்கறதுக்குன்னு எல்லாரும் எழுதுறாங்க, ரெக்கார்டிங் சென்டர்ல லிஸ்ட்டு எழுதிக் குடுத்து டிடிகே 90ல பதிஞ்சு வாங்குனது, பென்சிலை விட்டு நாடா சுத்துனது, அதெல்லாம் எல்லா ஊருலயும்தான் நடந்துச்சு. எங்க கரையில பெட்டியோட நிஜ வேலை கடுதாசி. எழுதப் படிக்க நேரமில்லாதவங்க, எழுதினா மனசுல உள்ளது வராதவங்க எல்லாம் கேசட்டுல பேசி அனுப்புவாங்க. லீவு முடிஞ்சு போற ஆளு சூட்கேஸ்ல பத்துப் பதினஞ்சு கேசட்டு இருக்கும், பக்கத்துல பேரு எழுதுன பேப்பரு. உம்மா எங்களைக் கூப்பிட்டு வரிசையா உக்கார வச்சு ஸலாம் சொல்ல வைப்பாங்க, தம்பிய ஒரு சூரா ஓத வைப்பாங்க, அப்புறம் எங்களை வெளிய அனுப்பிட்டுக் கதவைச் சாத்திடுவாங்க.

இதுல ஒரு கணக்கு இருக்கு. புது கேசட்டு விலை அதிகம், அதனால வாப்பா பேசி அனுப்புன அதே கேசட்டுலதான் உம்மா பதில் பேசி அனுப்புவாங்க. வாப்பா அதுமேல மறுபடி பேசுவாரு. பதியிறப்ப மொதல்ல அழிக்கிற ஹெட்டு, அதுக்கு அடுத்துதான் எழுதுற ஹெட்டு, ஆக ஒருத்தர் பேச பேச இன்னொருத்தர் பேசினது அழிஞ்சுக்கிட்டே வரும். எட்டு வருஷம் பேசியிருக்காங்க, ஒண்ணும் மிச்சமில்ல.

ஒண்ணைத் தவிர. 90ல குவைத் சண்டை வந்தப்ப உம்மா பதில் பேசி வச்ச கேசட்டைக் கொண்டு போக ஆள் கிடைக்கலை, அடுத்த சில மாசத்துல வாப்பாவே வந்து சேந்துட்டாரு, திரும்பப் போகலை. அந்த கேசட்டு அந்தப் பெட்டிக்குள்ளயே இருந்துச்சு. கைலியப் பிரிச்சு கதவை நெம்புனேன், உள்ள அறுபது நிமிஷ கேசட்டு ஒண்ணு, மேல பேனாவுல வாப்பா பேரு, தம்மாம்.

ராம்நாட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன். அந்த அண்ணன் இப்ப மிக்சியும் எல்இடி பல்பும்தான் பாக்குறாரு, ஆனா பெட்டியைக் கண்டதும் கண்ணாடியத் தேடி எடுத்தாரு. பெல்ட்டு தார் மாதிரி உருகி புல்லியில ஒட்டிக் கிடந்துச்சு, ஸ்பிரிட்டை வச்சுத் தொடைக்கவே அரைமணி நேரம். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய பழைய பெல்ட்டு வச்சிருக்காரு, அதுல ஒவ்வொண்ணா மாட்டிப் பாத்து ஒண்ணு செட்டாச்சு. "ஓடும். ஆனா வேகம் சரியா இருக்காது, மோட்டாரு பழசு. மோட்டாரு பின்னாடி ஒரு ஓட்டை இருக்கு பாரு, அதுல பொடி ஸ்குரூ டிரைவரை விட்டு நீயே திருகிக்க. முன்ன எங்கிட்ட டெஸ்ட் கேசட்டு இருந்துச்சு, இப்ப அதுக்கு எங்க போக." நாடா செகண்டுக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடணும், எல்லாக் கம்பெனிக்கும் அதான் கணக்கு, 63ல பிலிப்ஸ்காரன் கேசட்டைக் கொண்டு வந்தப்ப வச்சது. அதைக் கண்ணால பாத்து அளக்க முடியுமா.

ராத்திரி உம்மாவைக் கட்டில்ல உக்கார வச்சுட்டு பின்மூடியைக் கழட்டி வச்சுப் போட்டேன். மொதல்ல உம்மா குரல். இழுத்து இழுத்து, தூக்கத்துல பேசுற மாதிரி. திருகுனேன், கொஞ்சம் வேகமாச்சு. "இதா உம்மா?"

"நான் இப்படியா பேசுவேன்? இது யாரோ."

இன்னும் திருகுனேன், "இதுவும் இல்ல"ங்குறாங்க. தன் குரலு யாருக்குத் தெரியும். அதுல என்ன சொன்னாங்கன்னு நான் எழுதப் போறதில்ல, ராத்தா மாசமா இருந்தது, கடன் அடைச்சது, அந்த மாதிரி. இருபது நிமிஷத்துக்கு மேல போயிருக்கும், வஸ்ஸலாம் சொன்னாங்க, டக்குன்னு ஒரு சத்தம், பட்டனை அமுக்குனது. நான் நிறுத்தப் போனேன்.

அப்புறம் வாப்பா.

எனக்கு அது தோணவே இல்ல. உம்மா பேசினது பக்கத்தோட முடிவு வரைக்கும் போகலை. அழியாத மிச்சத்துல அதுக்கு முந்தின கடுதாசியோட வாலு அப்படியே இருக்கு. பாதி வாக்கியத்துல ஆரம்பிக்குது, குரலு ரொம்பக் கனமா, வேற யாரோ மாதிரி. வாப்பா மௌத்தாகி 11 வருஷம் ஆச்சு.

உம்மா கட்டில்ல இருந்து இறங்கி வந்து பெட்டி பக்கத்துல உக்காந்தாங்க. "மெதுவா வருது. ஏத்து." திருகுனேன். "ரொம்ப ஏறிடுச்சு, கொமருப் புள்ள மாதிரி கத்துது, இறக்கு. இன்னும் துளி. இன்னும்." நான் மூச்சு விடாம கால் சுத்து, அதுல பாதின்னு திருகிக்கிட்டே இருக்கேன், நாடா வேற முடிஞ்சிடுமோன்னு பயம், ரெண்டு தடவை பின்னாடி ஓட்டி மறுபடி போட்டேன். மூணாவது தடவை உம்மா என் கையைப் பிடிச்சாங்க.

"விடு. இதான் அவுக."

மொத்தம் நாலு நிமிஷம் கூட இருக்காது. "...அதனால அத அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லிரு. கச்சான் அடிக்கிற நேரம், ஓட்டுக் கூரையப் பாத்துக்கங்க. வாசல்ல நிக்கிற முருங்கைய மட்டும் வெட்டிப்புடாதீங்க, நான் வந்து பாத்துக்கிறேன்..." அங்க நாடா முடிஞ்சு பட்டன் தானா மேல எழும்பிடுச்சு.

உம்மா வாசல் பக்கம் பாத்தாங்க. அங்க இப்ப தம்பி பைக்கு நிக்கிற ஷெட்டு.

"இதைக் கேட்டப்ப வெட்டி ரெண்டு நாளு ஆயிருந்துச்சு" ன்னாங்க. "அதான் பதில்ல முருங்கை பேச்சையே எடுக்கலை."